மூன்று வார இருமலுக்கு சிரப் போதுமா?

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் வேலை பார்க்கிறேன். மூன்று வாரமாக இருமல்; இருமினால் விலா வலிக்கிறது. தீவனத் தூசிதான் என்று சிரப் குடித்தே ஓட்டுகிறேன். டாக்டரிடம் போக வேண்டுமா?

நாளைக் காலையிலேயே போய்விடுங்கள். பண்ணை வேலை என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தூசியும் எருவின் அமோனியா நெடியும் இருமலைக் கிளப்பும்தான். பண்ணை வேலை என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆனால் இரண்டு வாரம் தாண்டிவிட்டால் காசநோயா என்று சளியைச் சோதித்தே ஆக வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம். ஆழமாக இருமி எடுத்த சளிதான் வேண்டும், எச்சில் உதவாது. காசநோயாகவே இருந்தாலும் கலங்காதீர்கள்: பெரும்பாலும் ஆறு மாத மருந்தில் குணமாகிவிடும். மருந்தும் இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

இருமும்போது மட்டும் விலா வலிப்பது பெரும்பாலும் தசை வலி. சளியில் ரத்தம், மூச்சுத் திணறல், நெஞ்சை அழுத்திக் கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால், வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள், பைக்கையும் எடுக்காதீர்கள். உடனே 108-க்குக் கூப்பிடுங்கள்.