‘சரி’ என்ற சொல்லின் எடை

ஜெர்மனியில் மென்பொருள் வேலை பார்க்கும் ஒரு வாசகரின் கேள்வி: ‘முடித்துவிடலாம்’ என்று சொன்ன பணி தாமதமானால் மேலாளரின் முகம் மாறிவிடுகிறது. சொன்னபடி முடிக்காததுதான் இந்தியர்களின் பலவீனமா?

பல மொழிகளுக்கும் பழக்கங்களுக்கும் நடுவே வளர்ந்ததால் புதியவரோடு இணங்கிப் பணியாற்றுவதும், குறைந்த வசதியிலும் வழி கண்டுபிடிப்பதும் இந்தியப் பணியாளர் பலரின் உண்மையான பலங்கள். வாசகரின் சிக்கல் திறமையில் இல்லை, மேலாளரிடம் ‘முடியாது’ என்று சொல்லத் தயங்கிச் சொல்லிவிடும் ‘சரி’ என்ற சொல்லில் இருக்கிறது. நெதர்லாந்து அறிஞர் கேர்ட் ஹாஃப்ஸ்டெட், ஐபிஎம் ஊழியர்களிடம் திரட்டிய தரவுகளைக் கொண்டு 1980இல் வெளியிட்ட நூலில், அதிகார இடைவெளி, அதாவது மேலிருப்பவருடனான ஏற்றத்தாழ்வைக் கீழிருப்பவரே இயல்பென ஏற்கும் அளவு, இந்தியாவுக்கு 77 என்றும் மேற்கு ஜெர்மனிக்கு 35 என்றும் மதிப்பிடப்பட்டது. ஆகவே இந்தியாவில் மரியாதையாகக் கொள்ளப்படும் அந்தத் தயக்கம் ஜெர்மனியில் உண்மையை மறைத்ததாகப் பொருள்படுகிறது. பெரும்பாலும் மேலாளரை வருத்துவது தாமதமன்று, அது கடைசி நாளில் தெரியவருவதே. பணியை ஏற்கும்போதே எந்தப் பகுதி எந்தத் தேதியில் முடியும், யாருடைய உதவி தேவை என்பதைச் சொல்லிவிட்டு, தடை தென்பட்ட அன்றே இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினால் போதும்; ‘வெள்ளிக்கிழமை முடியாது, செவ்வாய்க்கிழமை முடியும்’ என்று எழுதுவது அங்கே மரியாதைக் குறைவாகாது, நம்பத்தக்கவர் என்ற பெயரையே தேடித்தரும்.