வால் முந்தப் பார்க்கும்

ஹட்டனிலிருந்து விமானம் ஓட்டப் பழகப் போகும் பிள்ளைகளுக்கு,

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மிதவை விமானம் இறங்குவதைப் பார்த்து ஆசை பிடித்தவர்கள் நீங்கள். பழகப்போவது மூக்குச் சக்கரம் வைத்த செஸ்னாவாக இருக்கும். அது பிழை பொறுக்கும். என்றைக்காவது, மூக்குக்குப் பதில் வாலின் கீழ் சிறு சக்கரம் வைத்த வால்சக்கர விமானத்தில் ஏறுவீர்கள். அன்றைக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

1. முதலில் ஆட்டோவை ரிவர்ஸில் ஓட்டிப் பாருங்கள். வெறும் மைதானத்தில், மெதுவாக. முன்னே போகையில் சாதுவான வண்டி, பின்னே போகையில் கொஞ்சம் ஒடித்தாலும் அதிகமாகத் திரும்பும். வால்சக்கர விமானமும் அப்படித்தான். பாரத்தின் மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மூக்கு ஒரு பக்கம் திரும்பினாலும் பாரம் நேரே போகப் பார்க்கும். வால் சுற்றிக்கொண்டு முன்னுக்கு வந்துவிடும். இதற்குப் பெயர் கிரவுண்ட் லூப். இறக்கை நுனி உரசும், சக்கரக் கால் மடங்கும்.

2. தரையைத் தொட்டதும் இறங்கியாச்சு என்று நினைக்காதீர்கள். நான் நினைத்தேன். மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொட்டன. பக்கத்திலிருந்த ஆசிரியரைப் பார்த்துச் சிரித்தேன். அதற்குள் மூக்கு இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. சுக்கானைத் திருப்பும் வலப் பெடலை மிதித்தேன், பிந்தி, அளவுக்கு மீறி. வலப்பக்கம் பாய்ந்தது, பிறகு இடப்பக்கம். கடைசியில் புல்லில் நின்றோம், வந்த திசையைப் பார்த்தபடி. அவர் ஏசவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு, "வா, நடந்து போவோம்" என்றார்.

3. கொழுந்து பறிக்கும் அம்மாமாரின் விரல்களைக் கவனியுங்கள். தொட்டதும் விட்டுவிடும். பெடலும் அப்படித்தான்: மிதி, விடு. கண் ஓடுபாதையின் கடைசியில் இருக்கட்டும். அப்போதுதான் சிறு விலகலும் தெரியும்.

4. கொழும்பை அடுத்த ரத்மலானை விமான நிலையத்தின் ஓடுபாதை வடகிழக்கு, தென்மேற்காகக் கிடக்கிறது. பிற்பகல் கடற்காற்று மேற்கிலிருந்து வரும். தென்மேற்கு நோக்கி இறங்கினால் அது வலப்பக்கம் அடித்து, மூக்கைத் தன் பக்கம் இழுக்கும். வேகம் குறையக் குறையச் சுக்கானின் பலம் போய்விடும், காற்றின் பலம் போகாது. ஆகவே ஸ்டிக்கை நெஞ்சோடு இழுத்து, காற்றுப் பக்கம் சாய்த்தே வைத்திருங்கள். இடக்கால் தயாராக இருக்கட்டும்.

5. பிரேக்கை நம்பாதீர்கள். இரண்டு பக்கப் பிரேக்கும் இறுகினால் மூக்கு தரையில் குத்தும்.

6. தொடும் முன்பே பக்கவாட்டில் நகர்கிறதா? மேலே ஏறி இன்னொரு சுற்று வாருங்கள். விமானத்தைவிடப் பெட்ரோல் மலிவு.

7. இதெல்லாம் பெரிய வித்தை என்று மிரள வேண்டாம். 1947இல் ஏர் சிலோன் ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு ஓட்டிய டகோட்டாவும் வால்சக்கரம்தான். 1951இல் உருவான சிலோன் விமானப்படை பழகிய சிப்மங்கும் அப்படித்தான்.

8. தடித்த அடி வைத்த சப்பாத்தோடு வராதீர்கள். மெல்லிய அடியுள்ள ஒரு சோடி வாங்கிக்கொள்ளுங்கள். பெடல் பாதத்துக்குத் தெரிய வேண்டும்.