பஞ்சர் ஆனாலும் மூழ்காத படகு

ஒன்பதாம் வகுப்பில் ‘பாய்மங்கள்’ பாடம் வந்தால், ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தின் வரையறையை எழுதிப்போட்டு, இரண்டு கணக்குகளைச் செய்துகாட்டி முடித்துவிடுவது பல ஆண்டுகளாக என் வழக்கம். சென்ற ஆண்டு ஒரு மாற்றத்துக்காகத் திரையில் ஒரு படகைக் காட்டினேன். கடலில் நிற்கும் சொகுசு உல்லாசப் படகிலிருந்து ஆட்களைக் கரைக்கு ஏற்றிவரும் சிறு துணைப்படகு அது. அடிப்பகுதி கடினமானது, சுற்றிலும் காற்றடைத்த தடித்த குழாய்.

“சார், அந்த ட்யூப் பஞ்சர் ஆனா என்ன ஆகும்?” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். அவன் அப்பா சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அறிவியல் தேர்வில் தேர்ச்சி மதிப்பெண்ணையே எட்டாதவன். எனக்குப் பதில் தெரியவில்லை. “நாளைக்குச் சொல்கிறேன்” என்றேன்.

அன்றிரவு தேடிப் படித்தபோதுதான், இவ்வகைப் படகு ஒரு கல்விக்கூடத்தில் உருவானது என்று அறிந்தேன். வேல்ஸ் நாட்டின் கடற்கரையில் 1962-இல் தொடங்கப்பட்டது அட்லாண்டிக் கல்லூரி. நம் மேல்நிலை வகுப்பு வயதுடைய மாணவர்கள் அங்கே கடல் மீட்புப் பணியிலும் ஈடுபட்டனர். அவர்கள் பயன்படுத்திய காற்றுப் படகுகளின் துணி அடிப்பாகம் கல் நிறைந்த கரையில் உரசித் தேய்ந்தது. அதற்கு ஒட்டுப்பலகையில் அடிப்பாகம் அமைத்துப் பார்த்தார்கள். கடற்படையில் பணியாற்றி வந்த தலைமையாசிரியர் டெஸ்மண்ட் ஹோரும் மாணவர்களும் பல ஆண்டுகள் வெவ்வேறு வடிவங்களைச் செய்து சோதித்தனர். அதன் பயனாக ‘அட்லாண்டிக் 21’ என்னும் மீட்புப் படகு 1972-இல் பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனத்தில் பணிக்கு வந்தது. காப்புரிமையை அந்நிறுவனத்துக்கு ஹோர் கொடுத்த விலை ஒரே ஒரு பவுண்டு. இன்றைய சொகுசுத் துணைப்படகுகளும் இதே அமைப்பையே பின்பற்றுகின்றன.

மறுநாள் வகுப்பில் செய்த செயல்பாடு இது.

தேவையானவை: ஆழமில்லாத பிளாஸ்டிக் டப்பா, நான்கு நீள பலூன்கள், ஒட்டுநாடா, நாணயங்கள், நீர்த்தொட்டி, குண்டூசி.

1. டப்பாவை மிதக்கவிட்டு, ஒரே ஓரமாக நாணயங்களை ஒவ்வொன்றாக வைக்கவும். எத்தனையாவது நாணயத்தில் நீர் உள்ளே புகுகிறது என்று குறிக்கவும்.

2. டப்பாவைத் துடைத்து, பக்கத்துக்கு இரண்டு வீதம் பலூன்களை ஒட்டி மீண்டும் செய்யவும்.

3. நாணயங்களை எடுத்துவிட்டு, ஒரு பலூனை மட்டும் ஊசியால் உடைக்கவும்.

இரண்டாம் முறை டப்பா கூடுதல் நாணயங்களைத் தாங்கியது. காரணத்தைக் குழுவாகப் பேசச் சொன்னேன். ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கக் குழாய் மேலும் நீரில் அமிழ்கிறது. விலக்கப்படும் நீரின் எடை கூடுகிறது. எனவே மேல்நோக்கு விசையும் கூடிப் படகை நிமிர்த்துகிறது. ஒரு பலூன் உடைந்தபின் டப்பா லேசாகச் சாய்ந்தது, மூழ்கவில்லை. உண்மைப் படகிலும் குழாய் உள்ளே தடுப்புகளால் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஓர் அறை கிழிந்தாலும் மற்றவை தாங்கும். “சைக்கிள் ட்யூப்ல தடுப்பு கிடையாது, அதான் மொத்தமா இறங்குது” என்றான் கேள்வி கேட்டவன்.

அடிப்பாகம் ஏன் ‘வி’ வடிவில் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. தட்டையான அடிப்பாகம் அலையில் மோதி அதிரும்; ‘வி’ வடிவம் அலையைப் பிளந்து செல்லும். வேகம் கூடும்போது படகு எழும்பி நீரின்மேல் சறுக்கி ஓடும். அப்போது குழாய்கள் பெரும்பாலும் நீரைத் தொடுவதில்லை, உராய்வு குறைகிறது. நின்றவுடன் குழாய்கள் மீண்டும் நீரில் படிந்து நிலைப்பைத் தருகின்றன. பெரிய படகின் பளபளப்பான பக்கத்தில் இடித்தாலும் கீறல் விழாது என்பதால் சொகுசுப் படகுக்காரர்கள் இதை விரும்புகிறார்கள். சில துணைப்படகுகளில் வெளியே சுழலும் விசிறி இல்லை; நீரை உறிஞ்சிப் பின்னோக்கிப் பீய்ச்சும் இயந்திரம் உண்டு. அருகில் நீந்துவோருக்கு அது பாதுகாப்பு. பத்தாம் வகுப்பில் நியூட்டனின் மூன்றாம் விதி நடத்துவோர் இதை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

பருவத் தேர்வில் அவன் வரையறை எழுதவில்லை. சாய்ந்த படகு ஒன்றை வரைந்து, விசைகளுக்கு அம்புக்குறி போட்டு, காரணம் எழுதியிருந்தான். சிறிது நேரம் யோசித்து, மதிப்பெண் கொடுத்தேன். கொடுக்காமல் விட்ட பழைய விடைத்தாள்களும் அப்போது நினைவுக்கு வந்தன.