பிழையும் நானும்

பள்ளியில் எப்போதும் முதலிடம் பெற்ற மாணவர் ஒருவர் பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் பிரிவில் சேர்கிறார். முதல் பருவத்தில் அவர் எழுதும் நிரல்கள் இயங்க மறுக்கின்றன. அருகில் இருப்பவரோ அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு எழுந்து போகிறார். 'எனக்கு இது வராது' என்று இவர் தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார். அத்தீர்ப்பை நம்பிச் சிலர் படிப்பையே விட்டுவிடுகின்றனர். சிலர் வாழ்வையே வெறுக்கும் நிலைக்கும் செல்கின்றனர். ஆகவே அத்தீர்ப்பு சரியானதுதானா என்று ஆராய்வது அவசியமாகிறது.

ஒப்பீட்டின் மயக்கம்

ஐ.ஐ.டி.களில் சேர்வதற்கான ஜே.இ.இ. தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்று பாடங்களிலிருந்தே வினாக்கள் கேட்கப்படுகின்றன. நிரல் எழுதும் திறன் சோதிக்கப்படுவதில்லை. ஆகவே ஆறாம் வகுப்பிலிருந்தே நிரல் எழுதிப் பழகியவரும், கல்லூரிக்கு வந்த பிறகே கணினியின் முன் அமர்பவரும் ஒரே வகுப்பில் படிக்க நேரிடுகிறது. முன்னவரிடம் நாம் காண்பது பல ஆண்டுப் பழக்கம். அதை அறிவின் உயர்வு என்று மயங்கிவிடக் கூடாது. மேலும், பள்ளிகளில் முதலிடம் பெற்ற அறுபது பேர் ஒரு வகுப்பில் கூடினால், அவர்களுள் ஐம்பத்தொன்பது பேர் முதலிடத்தை இழந்தே தீர வேண்டும். இது எளிய கணக்கு. யாருடைய தகுதிக் குறைவும் அன்று.

காண்பவனும் காணப்படுவதும்

காண்பவன் வேறு, காணப்படும் பொருள் வேறு என்று நம் தத்துவ மரபு பகுத்துக் காட்டுகிறது. திரையில் தோன்றும் பிழைச் செய்தி காணப்படும் பொருள். மாணவர் அதைக் காண்பவர். பிழை செய்தவன் நான்தான். ஆனால் நானே பிழை அல்லன். இந்த விவேகம் வந்துவிட்டால், பிழை அச்சத்துக்குரியதாக இராது; ஆராய்ச்சிக்குரியதாகிவிடும்.

1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினியில் கோளாறு ஏற்பட்டது. ஆராய்ந்தவர்கள் அதன் ரிலே ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கியிருக்கக் கண்டனர். அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, நேரத்தையும் எழுதி வைத்தனர். அந்த ஏடு இன்றும் அமெரிக்காவில் பாதுகாக்கப்படுகிறது. பிழையை எவ்வாறு அணுக வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்: தேடு, கண்டுபிடி, குறித்து வை.

வேர் எங்கே?

சி மொழியில் பத்தாவது வரியில் மூடவேண்டிய அடைப்புக்குறியை ஒருவர் மறந்துவிட்டார் எனக் கொள்வோம். கம்பைலர் பெரும்பாலும் நிரலின் இறுதி வரியில்தான் குறை கூறும். குறை வெளிப்படும் இடம் வேறு, பிறந்த இடம் வேறு. கல்லூரி வாழ்வும் அத்தகையதே. டிசம்பரில் மதிப்பெண் குறைகிறது; அதன் காரணம் ஆகஸ்டில் உறங்காமல் கழித்த இரவுகளிலும், ஐயத்தைக் கேட்கக் கூசிய வகுப்புகளிலும் இருக்கக்கூடும்.

ஒரு சிறு பிழை இருபது பிழைச் செய்திகளைத் தோற்றுவிப்பதும் உண்டு. முதற்பிழையைத் திருத்தியதும் மற்றவற்றுள் பல தாமே மறைந்துவிடும். துன்பங்கள் திரண்டு வந்தது போலத் தோன்றும்போதும் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. நாள்தோறும் ஒரு மணி நேரமாவது நிரல் எழுதிப் பழகுங்கள். தேர்வுக்கு முந்திய இரவுப் படிப்பு இதற்கு ஈடாகாது.

2. பிழைக் குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பிழை, காரணம், திருத்தம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள்.

3. அரை மணி நேரம் தாமே முயன்ற பின் பிறரைக் கேளுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்பதற்கும் இவ்விதியே பொருந்தும். விடையை அப்படியே பெயர்த்து எழுதினால் நிரல் இயங்கும், அறிவு வளராது.

4. ஆசிரியர்களையும் மூத்த மாணவர்களையும் தொடக்கத்திலேயே அறிமுகம் செய்துகொள்ளுங்கள். புதிய மாணவர்களுக்கான அறிமுகப் பயிற்சி வாரங்களை வீண் என்று ஒதுக்காதீர்கள்.

5. மனச்சுமை தாங்க முடியாததாகத் தோன்றினால் தனித்திருக்க வேண்டாம். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். தொலைபேசியில் 'எத்தனை மதிப்பெண்?' என்று கேட்பதற்கு முன் 'சாப்பிட்டாயா, தூங்கினாயா?' என்று கேளுங்கள். திருத்த முடியாத நிரல் அரிது. திருத்துபவர் மனம் தளராதிருந்தால் போதும்.