சி.ஆர். கொப்பியும் ஒரு மாதமும்

கேள்வி: அக்கா, நான் தெமோதரையில் தோட்டத்து முன்பள்ளி ஒன்றில் படிப்பிக்கிறேன். போன மாதம் எங்கள் லயத்துப் பையன் ஒருவனைப் பொலிஸார் கூட்டிப்போய் மறுநாள் விட்டார்கள். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில், என்ன இருக்கிறதென்றே தெரியாமல் கையெழுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறான். இப்படியான காரியங்களைப் பார்க்கவென்று பக்கத்துத் தோட்டத்து இளைஞர்கள் ஒரு சிவில் உரிமைக் குழு தொடங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் கூடுகிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள். "சங்கம் இருக்குத்தானே, நமக்கு எதுக்கு இந்த வேலை" என்கிறார் அம்மா. சேரலாமா?
– வாசகி, தெமோதரை

பதில்: சேருங்கள், தங்கச்சி. ஆனால் உங்கள் கடிதத்தில் "போன மாதம்" என்று படித்ததும் எனக்கு மனம் பதறியது. பொலிஸார் போன்ற அரச அதிகாரிகள் அடிப்படை உரிமையை மீறினால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலத்தை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. முறைப்பாடு கொடுத்தது மட்டும் போதாது, விசாரணை நடப்பதற்கு ஆதாரமும் வேண்டும் என்று தீர்ப்புகள் வந்திருக்கின்றன. முறைப்பாட்டு இலக்கத்தையும் ஆணைக்குழு அனுப்பும் கடிதங்களையும் பத்திரப்படுத்தச் சொல்வது அதனால்தான். பதுளையில் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. நாள் கடந்துவிட்டதென்று நீங்களே முடிவு கட்டாமல் பையனை அங்கே அழைத்துப் போங்கள்.

தோட்டங்களில் எத்தனையோ நியாயமான வழக்குகள் நீதிமன்ற வாசலை எட்டாமலே செத்துப்போனது இந்த ஒரு மாதத்தினால்தான். ஆள் வீட்டுக்கு வந்துவிட்டான், போதும் சாமி என்று இருந்துவிடுவோம். யாராவது சட்டத்தரணியைக் கண்டு பேசும்போது ஆறு மாதம் போயிருக்கும். எந்தத் தேதி, எத்தனை மணி, வந்தவர்கள் சீருடையில் இருந்தார்களா, வாகன இலக்கம் என்ன, காரணம் சொன்னார்களா, பக்கத்தில் நின்றது யார் என்று கேட்டால் ஒருவருக்கும் நினைவிருக்காது. கைது செய்யும்போது காரணம் சொல்லவேண்டும் என்பது 13ஆம் உறுப்புரை. சொல்லவில்லை என்று நிறுவ அன்றிரவே எழுதிய ஒரு பக்கம் எவ்வளவு உதவும் தெரியுமா? உங்கள் குழுவுக்குப் பேச்சாளர்கள் கிடைப்பார்கள். சி.ஆர். கொப்பியும் பேனாவுமாக அன்றிரவே லயத்துக்குப் போய் உட்கார ஓர் ஆள் வேண்டும். முன்பள்ளி ஆசிரியை அதற்கு மிகப் பொருத்தம் என்பேன். தாய்மார் உங்களிடம் பயமில்லாமல் பேசுவார்கள்.

பையனின் கையெழுத்தைப் பற்றி: பொலிஸாரிடம் சொன்ன குற்ற ஒப்புதலை, சாதாரண வழக்கில், சொன்னவருக்கு எதிரான சாட்சியாக ஏற்கமுடியாது. சாட்சிகள் கட்டளைச் சட்டம் அப்படி. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில்தான் இது புரண்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கோ அவருக்கு மேற்பட்டவருக்கோ சொன்ன ஒப்புதலை அந்தச் சட்டம் ஏற்கிறது. ஆகவே எந்தச் சட்டத்தின் கீழ் கூட்டிப்போனார்கள் என்பதை முதலில் கேட்டு எழுதுங்கள். தமிழும் அரசகரும மொழிதான், 1987இன் 13ஆம் திருத்தத்திலிருந்து. தமிழில் எழுதுங்கள், இல்லாவிட்டால் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள் என்று கேட்பது சண்டித்தனம் அல்ல.

இனி அம்மா. அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சம்பளம், வேலைநாள், துரையோடு வரும் பிரச்சினை எல்லாம் சங்கத்தின் வேலை. 1992இலிருந்து பெரும்பாலான தோட்டங்களை நடத்துவது கம்பனிகள், 126ஆம் உறுப்புரையோ அரச அதிகாரத்தைப் பற்றியது. அதனால் குழு சங்கத்துக்குப் போட்டி இல்லை. இதைத் தோட்டத் தலைவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

அம்மாவின் பயம் வேறு இடத்திலிருந்து வருகிறது என்றே நினைக்கிறேன். பேச்சுச் சுதந்திரமும் ஒன்றுசேரும் சுதந்திரமும் 14ஆம் உறுப்புரையில் இருக்கின்றன. அதன் முதல் சொற்களே "ஒவ்வொரு பிரசையும்" என்பதுதான். 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நம் தோட்டத்து மக்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எழுதிய ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். 1978இல் இந்த அரசியலமைப்பு வந்தபோது, எந்த நாட்டின் பிரசையும் அல்லாத நிரந்தரவாசிகளுக்கு இந்தச் சுதந்திரங்களைப் பத்து வருடத்துக்கு மட்டும் கொடுத்தார்கள். பேசுவதற்குத் தவணை வைத்து உரிமை! நாடற்ற நிலையை முடிக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அம்மா வளர்ந்தது அந்தக் காலத்தில். வாயைத் திறந்தால் கடதாசியைக் கேட்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்திருப்பார்கள். அவரோடு வாதாட வேண்டாம். ஒரு நாள் கூட்டத்துக்குக் கூட்டிப்போய்ப் பின்வரிசையில் உட்கார வையுங்கள்.

குழுவிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பணம் எங்கிருந்து வருகிறது, தேர்தல் வந்தால் என்ன செய்வீர்கள் என்பது ஒன்று. மற்றது, பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பையனைப் பிடித்தாலும் போவீர்களா? 1971 கிளர்ச்சியை அடுத்து சிவில் உரிமைகள் இயக்கம் உருவானபோது சிறைகளை நிரப்பியிருந்தவர்கள் பெரும்பாலும் சிங்கள இளைஞர்கள். சூரியா விக்கிரமசிங்க, சட்டத்தரணி எஸ். நடேசன் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். தமிழ் இளைஞர்கள் மீது பயங்கரவாதத் தடைச் சட்டம் பாய்ந்தபோதும் அதே இயக்கம் எதிர்த்து எழுதியது. நம்மவனுக்கு மட்டும்தான் என்று பதில் வந்தால், கொஞ்சம் யோசித்துச் சேருங்கள்.

கொப்பியின் முதல் பக்கம் உங்கள் லயத்துப் பையனுடையதாக இருக்கட்டும். ஞாயிறுவரை காத்திருக்காமல் இன்று மாலையே போய் எழுதுங்கள். எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டி, சரி என்று அவன் சொன்ன பிறகு கையெழுத்து வாங்குங்கள்.