விளையாட அனுப்பும் பிள்ளையும் ஓர் அமானிதமே

நபி யஃகூப் (அலை) அவர்களிடம் அவர்களுடைய மூத்த மக்கள் வந்து கேட்டது என்ன? தம்பி யூசுஃபை நாளைக்கு எங்களுடன் அனுப்புங்கள், அவர் ஓடி விளையாடட்டும், நாங்கள் பத்திரமாகப் பார்த்துக் கொள்கிறோம் என்பதுதான். சூரா யூசுஃபின் 11 முதல் 14 வரையுள்ள ஆயத்துகளில் இதை ஓதுகிறோம். தந்தைக்கு ஓநாயைப் பற்றிய பயம் இருந்தது. ஆனால் ஆபத்து காட்டிலிருந்து வரவில்லை. பார்த்துக் கொள்கிறோம் என்று வாக்களித்தவர்களிடமிருந்தே வந்தது. இனிய கிராஅத்தில் இச்சூராவைக் கேட்டு மகிழும் நாம், இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டாமா?

விளையாட்டு ஆகாததன்று. பேரர்கள் ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் தோளில் சுமந்து மகிழ்வித்ததை அறியாதவர் நம்மில் யார்? எனவே பூரணாங்குப்பம் போன்ற ஊர்களில் கபடிக்கும், சிலம்பத்துக்கும், கோடை முகாமுக்கும் போகத் துடிக்கும் பிள்ளையை வீட்டில் அடைத்து வைப்பது மருந்தாகாது. அனுப்புங்கள், யாரிடம் அனுப்புகிறோம் என்று விசாரித்து அனுப்புங்கள்.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில், தேசிய மாணவர் படை முகாம் என்ற பெயரில் ஒரு முகாம் நடந்தது. மாணவிகள் இரவிலும் பள்ளிக் கலையரங்கில் தங்கினர். அங்கே பயிற்சியாளன் தன்னிடம் கொடுமை இழைத்ததாக எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சொன்னாள். பிறகு மற்றச் சிறுமிகளும் சொன்னார்கள். அதன்பின்தான் தெரிந்தது, அப்பள்ளியில் மாணவர் படைப் பிரிவே இல்லை, முகாமே போலி என்று! இதைவிட நெஞ்சைச் சுடுவது வேறொன்று. நிர்வாகத்துக்கு விஷயம் எட்டியபோது, வெளியில் சொல்ல வேண்டாம் என்று பிள்ளைகளை அடக்கியதாகப் போலீசார் கூறினர். பள்ளி முதல்வர் உள்ளிட்டோரும் கைதாயினர்.

அது எங்கோ நடந்தது என்று இருந்துவிட வேண்டாம். 2025 பிப்ரவரியில், பூரணாங்குப்பத்துக்குப் பக்கத்திலுள்ள தவளக்குப்பத்தில், சிறுமியிடம் தகாத முறையில் நடந்ததாக ஒரு பள்ளி ஆசிரியர் கைதானார். மக்கள் கொதித்துச் சாலை மறியல் செய்தனர்.

கொதிப்பது எளிது. முன்கூட்டியே நாலு வார்த்தை கேட்பதற்குத்தான் நமக்குக் கூச்சம். முகாமை நடத்துவது யார், முன்பு எங்கே வேலை பார்த்தார், பெண் பிள்ளைகளோடு பெண்கள் இருப்பார்களா, இரவுத் தங்கல் உண்டா, சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். யோக்கியர் இதற்குக் கோபிக்கமாட்டார். ஒரு பிள்ளைக்கு மட்டும் தனியாகப் பரிசு கொடுப்பவர், தனி அறைக்கு அழைப்பவர், வீட்டில் சொல்லாதே என்பவர் ஆகியோரிடம் எச்சரிக்கை தேவை. ஆண் பிள்ளைக்கு என்ன வந்துவிடும் என்ற எண்ணமும் தவறு.

பிள்ளைக்கும் கற்றுக் கொடுங்கள். சூரா நூரின் 58-ஆம் ஆயத்து, மூன்று வேளைகளில் பெரியவர்களின் அறைக்குள் அனுமதி கேட்டு நுழையுமாறு சிறுவர்களைப் பழக்கச் சொல்கிறது. மறைவு என்ற ஒன்று பெரியவர்களுக்கு உண்டென்றால், பிள்ளையின் உடலுக்கும் அது உண்டல்லவா?

"அத்தா, அந்த மாஸ்டர்கிட்டே நான் போகமாட்டேன்" என்று பிள்ளை சொன்னால் அதட்டாதீர்கள். காரணத்தைப் பொறுமையாகக் கேளுங்கள். குடும்ப மானம் போகும், ஜமாஅத்தின் பெயர் கெடும் என்பார்கள். பிறர் குறையை மறைப்பது நன்மை என்ற போதனையையும் துணைக்கு அழைப்பார்கள். பிறருக்குத் தீங்கிழைக்காத ஒருவனின் சறுக்கலுக்கு அது பொருந்தும். அடுத்த பிள்ளையைத் தேடிப் போகிறவனுக்கு எப்படிப் பொருந்தும்? சூரா நிஸாவின் 135-ஆம் ஆயத்து சொந்த பந்தத்துக்கு எதிராயினும் நீதிக்குச் சாட்சி நிற்கச் சொல்கிறது. அவர் பயிற்சியாளரானாலும் சரி, உஸ்தாதானாலும் சரி, முத்தவல்லியின் உறவினரானாலும் சரி.

சட்டமும் இதையே கேட்கிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலருக்கும் பொருந்தும். குற்றம் நடந்ததை அறிந்தவர் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 6 மாதம் வரையும், நிறுவனப் பொறுப்பாளர் தம் கீழுள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரையும் சிறைத்தண்டனை உண்டு. 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் உதவி கேட்கலாம். போலீஸ் நிலையத்துக்குப் பிள்ளையை இழுத்துப் போக வேண்டுமோ என்று தாய்மார்கள் அஞ்ச வேண்டாம். வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம். கூடுமானவரை பெண் சப்-இன்ஸ்பெக்டரே வர வேண்டும், அவர் சீருடையில் இருக்கக் கூடாது, இரவில் பிள்ளையை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது, பெயரைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது என்றெல்லாம் அச்சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.