தொலைநோக்கிக்கு ஓர் இலக்குப் பட்டியல்

வானியல் அறிஞர் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றும் உருவம் ஒன்று உண்டு. குளிர்ந்த இரவில், மலையுச்சிக் கூடத்தில், நீண்ட குழாயின் முனையில் கண்ணை வைத்துக் காத்திருக்கும் மனிதர் அவர். இன்றைய பெருந்தொலைநோக்கிகள் பலவற்றில் இக்காட்சியைக் காண முடியாது. ஆய்வைக் கேட்டவர் தம் ஊரில் உறங்கிக்கொண்டிருப்பார். அவர் எழுதியனுப்பிய பட்டியல் மட்டும் மலைமேல் விழித்திருக்கும். அப்பட்டியலை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் பழைய முறையைப் பார்ப்போம். நம் ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வுக் கூடம் இருக்கிறது. அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 முதல் இயங்கி வருகிறது. இத்தகைய இடங்களில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை உனக்கு என்று ஆய்வாளருக்கு இரவுகளை ஒதுக்குவது வழக்கம். அந்த இரவுகளில் வானம் மூடிக்கொண்டால் மூடியதுதான். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் ஊர் வானத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கிவந்து, அடுத்த ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

வரிசைமுறை என்பது வேறு. இதில் இரவுகள் ஆளுக்கு ஆள் பிரிக்கப்படுவதில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆய்வுகள் அனைத்தும் ஒரே தொகுப்பில் இருக்கும். அன்றைய இரவில், அந்த நேரத்தில், அந்த வானத்துக்கு எது பொருந்துமோ அதை அங்குள்ள வானியலார் எடுத்துச் செய்வார். வரிசை என்ற சொல் சற்று ஏமாற்றக்கூடியது. ரேஷன் கடையைப் போல முன்னால் நின்றவருக்கு முதலில் என்பதன்று இது. அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் யாரை முதலில் உள்ளே விடுகிறார்களோ, அதைப்போன்றது என்று கொள்ளலாம்.

இந்த முறையில் கேட்டவரும் செய்பவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. வீட்டில் சிறுவனிடம் சீட்டெழுதி மளிகைக் கடைக்கு அனுப்புகிறோம் அல்லவா? பருப்பு என்று மட்டும் எழுதினால் துவரையா, உளுந்தா, அரைக் கிலோவா, ஒரு கிலோவா என்று கடைக்காரர் கேட்பார். சிறுவன் விழிப்பான். இலக்குப் பட்டியலும் அத்தகைய சீட்டுத்தான். நள்ளிரவுக்குப்பின் மூன்று மணிக்கு அதைக் கையிலெடுப்பவர் நம்மை எழுப்பி எதையும் கேட்கப்போவதில்லை. அவருக்கு எழக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும் விடை அதிலேயே இருத்தல் வேண்டும்.

சால்ட் என்னும் எடுத்துக்காட்டு

தென்னாப்பிரிக்காவில் சதர்லாந்து என்ற சிற்றூருக்கு அருகே, ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில், சால்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பெருந்தொலைநோக்கி இருக்கிறது. 2005 நவம்பரில் திறந்து வைக்கப்பட்ட இது, முற்றிலும் வரிசைமுறையில் இயங்குவது. இதன் முதன்மை ஆடி 91 அறுகோணக் கண்ணாடிகளைத் தேன்கூடு போல் இணைத்து அமைத்தது. ஏறத்தாழ 11 மீட்டருக்கு 10 மீட்டர். இதைக் கட்டிய கூட்டமைப்பில் புணேயிலுள்ள ஐயூகா நிறுவனமும் சேர்ந்தது. ஆகவே இந்திய வானியலாருக்கும் இதில் பங்கு உண்டு.

இத்தொலைநோக்கிக்கு ஒரு விந்தையான குணம். இது ராட்டினம் போலச் சுற்றும். ஆனால் தலையை உயர்த்தவோ தாழ்த்தவோ செய்யாது. உச்சியிலிருந்து 37 பாகை சாய்வில் ஆடி நிரந்தரமாக நிற்கிறது. விண்மீன் நகரும்போது ஆடி அசையாமல் நிற்க, மேலே குவியத்தில் உள்ள கருவி நகர்ந்து பிம்பத்தைப் பின்தொடரும். பொருட்செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடு இது. இதனால் அடிவானிலிருந்து 47 பாகை முதல் 59 பாகை வரையுள்ள ஒரு வளையம் மட்டுமே இதன் பார்வைக்கு எட்டும். ஒரு விண்மீன் கிழக்கே ஏறும்போது ஒருமுறையும், மேற்கே இறங்கும்போது ஒருமுறையும் அவ்வளையத்தைக் கடக்கும். நேர் உச்சியில் ஒளிர்ந்தாலும் பயனில்லை!

நம் பாடத்திலுள்ள கோள முக்கோணவியல் இங்கே கைகொடுக்கிறது. அட்சரேகையின் சைனையும் நடுவரை விலக்கத்தின் சைனையும் பெருக்குக. அவ்விரண்டின் கொசைன்களை மணிக்கோணத்தின் கொசைனோடு பெருக்குக. இரு பெருக்கங்களின் கூட்டுத்தொகை ஏற்றக்கோணத்தின் சைனுக்குச் சமம். சதர்லாந்தின் அட்சரேகை தெற்கு 32.4 பாகை. தெற்கே 30 பாகை விலக்கமுள்ள ஒரு விண்மீனுக்குக் கணக்கிட்டேன். கிழக்கு வளையத்தில் அது நிற்பது சுமார் 57 நிமிடம். பிறகு 4 மணி 50 நிமிடம் கண்ணுக்கு எட்டாது. அதன்பின் மேற்கில் மீண்டும் 57 நிமிடம். இந்த விலக்கமுள்ள ஒரு பொருளுக்கு இரண்டு மணி நேர ஒளிப்பதிவு ஒரே மூச்சில் வேண்டும் என்று எழுதினால், அந்தச் சீட்டு எத்தனை ஆண்டு கிடந்தாலும் நிறைவேறாது. குறிபார்த்து நிறுத்தும் நேரத்தையும் கழித்து, 40 நிமிடத்துக்குள் அடங்கும் துண்டுகளாகக் கேட்பதே பாதுகாப்பு.

பயிற்சிக்காகப் புகழ்பெற்ற ஏழு பொருள்களை ஒரு தாளில் எழுதி இக்கணக்கில் இட்டுப் பார்த்தேன். ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் வடக்கு 41 பாகை, முதலிலேயே அடிபட்டது. நண்டு நெபுலா 22 பாகை, அதுவும் போயிற்று. சால்ட்டின் வடக்கு எல்லை சுமார் 10.6 பாகை. கன்னி ராசியிலுள்ள எம் 87 வடக்கு 12.4 பாகையில் இருக்கிறது. இரண்டு பாகைகூட இல்லாத குறையால் தவறிவிட்டது. நடுவில் பெருங் கருந்துளையை வைத்திருக்கும் அந்த மண்டலத்தை அடிப்பது எனக்கு மனத்தாங்கலாகத்தான் இருந்தது. மிஞ்சியவை நான்கு. ஓரியன் நெபுலாவுக்கு வளையத்தில் 78 நிமிடம், சொம்பிரேரோ எனப்படும் எம் 104 மண்டலத்துக்கு 64 நிமிடம், ஈட்டா கரினே விண்மீனுக்கு ஏறத்தாழ 115 நிமிடம். தெற்கு 72 பாகையிலுள்ள 47 டுக்கானே விண்மீன் கொத்து உச்சிவட்டத்தைக் கடக்கும்போதும் வளையத்தைவிட்டு வெளியேறுவதில்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் உள்ளேயே உலவும். எனினும் வானில் 12 பாகை அளவு நகர்ந்ததும் கருவியின் ஓட்டம் முடிந்துவிடும்; தொலைநோக்கியைத் திருப்பி மீண்டும் குறிபார்க்க வேண்டும்.

மாதமும் முக்கியம். எம் 104 இன் வல ஏற்றம் 12 மணி 40 நிமிடம். மார்ச் இறுதியில் அதன் கிழக்கு, மேற்கு வாய்ப்புகள் இரண்டும் இருளிலேயே அமையும். ஜூன் இறுதியில் இருட்டுவதற்குள் கிழக்கு வாய்ப்பு கடந்துவிடும். மேற்கு மட்டுமே மிஞ்சும். சால்ட்டின் ஆண்டு, மே முதல் அக்டோபர் வரை ஒரு பருவம், நவம்பர் முதல் ஏப்ரல் வரை மற்றொரு பருவம் என்று பிரிந்தது. எந்தப் பருவத்தில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து நம் வாய்ப்பு இரட்டிக்கும் அல்லது பாதியாகும்.

பட்டியலின் கட்டங்கள்

பெயர், வல ஏற்றம், நடுவரை விலக்கம் ஆகியவை முதற்கட்டங்கள். இவற்றோடு எந்த ஆண்டுக்குரிய ஆயங்கள் என்பதையும் எழுதவேண்டும். புவியின் அச்சுச் சுழற்சியால் ஆயங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 விகலை நகர்கின்றன. பாகையில் 60 இல் ஒரு பங்கு கலை; கலையில் 60 இல் ஒரு பங்கு விகலை. பழைய அட்டவணைகள் 1950 ஆம் ஆண்டுக்கு அமைந்தவை. இப்போது வழங்குவது 2000. இரண்டுக்கும் இடையே 40 கலைக்குமேல் வேறுபாடு வரலாம். முழுநிலவின் அகலமே 30 கலைதான்.

சில விண்மீன்கள் தாமாகவும் நகர்கின்றன. பர்னார்டின் விண்மீன் ஆண்டுக்கு 10 விகலைக்கு மேல் ஓடுகிறது. 2000 இல் இருந்த இடத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால், கால் நூற்றாண்டில் அது நான்கு கலைக்கு மேல் தள்ளிப் போயிருக்கும். நிறமாலைமானியின் பிளவு ஒன்று அல்லது ஒன்றரை விகலை அகலமே இருக்கும். அந்தப் பிளவில் விழுவது வெறும் இருட்டு.

அடுத்தது ஒளித்தரம். மாறும் விண்மீனாயின் குறைந்த அளவு, கூடிய அளவு இரண்டையும் குறிக்கவேண்டும். ஈட்டா கரினே 1843 இல் வானத்தின் மிகப் பிரகாசமான விண்மீன்களுக்கு ஈடாக எரிந்தது. பின்னர் வெறுங்கண்ணுக்கே தெரியாத அளவு மங்கி, மீண்டும் தெரியத் தொடங்கியது. அப்படிப்பட்ட பொருளுக்குப் பழைய நூலிலுள்ள எண்ணை எழுதி ஒளிப்பதிவு நேரம் கேட்டால் கருவி நிரம்பி வழியும், அல்லது ஒன்றும் பதியாது.

ஒப்புமைக்கு ஒரு தர விண்மீனையும் சேர்ப்பர். ஆனால் சால்ட்டில் கருவி நகர நகர, ஆடியின் எந்தப் பகுதி ஒளி சேர்க்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். ஆதலால் அதில் முழுமையான ஒளி அளவை நம்பிப் பெற இயலாது. அதுவே ஆய்வின் உயிர்நிலை என்றால் வேறு தொலைநோக்கியைத் தேடுவது நல்லது.

எவ்வளவு நல்ல வானம் வேண்டும்?

பட்டியலின் தலைவிதியைத் தீர்மானிப்பது இந்தக் கட்டம் என்று நான் கருதுகிறேன். எல்லோருக்கும் சிறந்த இரவுதான் வேண்டும். ஆனால் ஜெமினி தொலைநோக்கிகளின் நடைமுறையைக் கவனியுங்கள். ஹவாயித் தீவில் மௌனா கியா மலையிலும், சிலி நாட்டில் செரோ பச்சோன் மலையிலும் ஒவ்வொன்றாக இருக்கும் இவை 8.1 மீட்டர் விட்டமுள்ளவை. பிம்பத்தின் கூர்மை, மேகமின்மை, வானத்தின் இருள் ஆகியவற்றை நூற்றுக்கு இத்தனை என்று கேட்பது அங்குள்ள முறை. கூர்மையில் சிறந்த 20 விழுக்காடு, மேகமின்மையில் 50, இருளில் 50 என்று ஒருவர் கேட்பதாகக் கொள்வோம். மூன்றும் ஒன்றையொன்று சாராதவை என்றால் நிகழ்தகவு 0.2 × 0.5 × 0.5 = 0.05. நூறு மணியில் ஐந்து மணிதான் அவருக்கு ஏற்றது. அந்த ஐந்துக்கும் அவரைப் போலவே கேட்ட பலர் காத்திருப்பர். கூர்மை 70, மேகமின்மை 70, இருள் 80 போதும் என்றவருக்கு 0.39. ஏறத்தாழ எட்டு மடங்கு வாய்ப்பு!

ஆகையால் ஆய்வுக்கு உண்மையில் எது தேவை என்று முன்பே கணக்கிட வேண்டியிருக்கிறது. மங்கலான மண்டலத்தின் விளிம்பை அளப்பவருக்கு நிலவில்லாத இரவு தேவைதான். ஒளிமிக்க விண்மீனின் நிறமாலைக் கோடுகளை மட்டும் பார்ப்பவருக்கு நிலவு ஒரு தடையே அன்று.

இதையெல்லாம் பெரிய ஆய்வு நிலையங்களில் சேர்ந்தவர்கள் மூத்தவர்களின் அருகில் நின்றே கற்றுக்கொள்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவன் நானே முதலாதலால், கேட்டறிய வீட்டில் ஆளில்லை. நம்மில் பலருக்கும் இதே நிலைதான். சதர்லாந்துக்கு விமானச் சீட்டு வாங்க நம்மால் ஆகாது. வரிசைமுறையில் அச்சீட்டு தேவையுமில்லை. தாள் போனால் போதும். ஆனால் நேரில் போய் விளக்கும் வாய்ப்பும் அதனால் இல்லாமற்போகிறது. எழுதியனுப்பியவர் யார் என்று இரவில் யாரும் கேட்கமாட்டார்கள். எழுதியது புரிகிறதா என்று மட்டுமே பார்ப்பார்கள்.

என் பயிற்சித் தாளைப் பார்த்த இயற்பியல் விரிவுரையாளர் ஒரே ஒரு வினாவை எழுப்பினார்: "ஓரியன் நெபுலாவுக்கு எதற்கப்பா பத்து மீட்டர்?" நெபுலா முழுவதையும் பார்க்க அது தேவையில்லைதான். அதன் உள்ளே மங்கலாகக் கிடக்கும் இளம் விண்மீன் ஒன்றுக்கானால் தேவைப்படலாம். அப்போது அந்த விண்மீனைச் சுற்றியுள்ள வானத்தின் படத்தில் அதை வட்டமிட்டு, பிளவு விழவேண்டிய கோணத்தையும் கோடிட்டு இணைக்கவேண்டும். ஈட்டா கரினேயைப் பட்டியலின் கடைசி முன்னுரிமை வகுப்புக்கு மாற்றினேன். மற்றவர்களின் ஆய்வு எதுவும் இயலாத இரவுகளில் எடுத்துக்கொள்ள அப்படி ஒரு வகுப்பு வைத்திருக்கிறார்கள். நிலவு என்ற கட்டத்தில் 'எதுவாயினும்' என்றும், மேகம் என்ற கட்டத்தில் 'மெல்லிய மேகம் இருக்கலாம்' என்றும் எழுதினேன்.